பம்ப் மேல் தப்பில்லை!

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. என்னை விட 13 வயது மூத்தது. அதனால் மரியாதையாகத்தான் நடத்துகிறேன். அதுதான் என்னை மரியாதையாக நடத்துவதில்லை.

பெயர் எம்.ஜி.பி. எம்.ஜி.ஆர். இல்லை சார், எம்.ஜி.பி. இரண்டே பேர் உட்காரலாம். தலைக்கு மேல் துணிக் கூரை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற சின்ன ஊரில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். என்னுடையது 1972-ல் பிறந்தது.

நான் திருச்சிக்காரன். பிழைப்புக்கு ரீடிங் என்ற ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். ரீடிங் என்று எழுதுவார்கள், ரெடிங் என்று படிப்பார்கள். வெள்ளைக்காரன் புத்தி.

நாலு வீடு தள்ளி இருந்த ஒரு தாத்தாவுக்கு முழங்கால் மடக்க முடியவில்லை. எம்.ஜி.பி.யில் ஏறுவதென்றால் கிட்டத்தட்ட தரையில் சம்மணம் போட்டு உட்கார்வது மாதிரி. அதனால் விற்றார். நான் வாங்கினேன். வீட்டில் அனுமதி வாங்கியதுதான் பெரிய கதை.

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு இங்க ரோடு டாக்ஸ் கிடையாது, தெரியுமா?" என்றேன்.

என் மனைவி காரைச் சுற்றி வந்து பார்த்தாள். "டாக்ஸ் மட்டுமா கிடையாது? கூரையும்தான் கிடையாது" என்றாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

2023 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டியை அதன் பிறந்த ஊருக்கே ஒரு நடை கூட்டிப் போகலாம் என்று கிளம்பினோம். எம்.ஜி. ஃபாக்டரியை 1980 அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். இருந்தாலும் பிறந்த மண் இல்லையா? ஆக்ஸ்ஃபோர்டு போகிற ஏ4074 சாலையில் வாலிங்ஃபோர்டு தாண்டியதும் வண்டி ஒரு தும்மல் போட்டது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி அடித்த ஹாரனில் என் மனைவி ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தாள். இருவரும் இறங்கிப் புல்தரைக்கு ஓடி, ரிப்பேர் வேனுக்கு போன் போட்டோம்.

முக்கால் மணியில் மஞ்சள் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால், இல்லை. சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், கண்ணை மூடிக் கொண்டு நின்றார். ஏதோ பிரார்த்தனை போலிருக்கிறது என்று நானும் மரியாதையாக நின்றேன்.

"சத்தம் வரலை" என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். "அந்த ஷூவைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

கொடுத்தேன். மனுஷர் வண்டிக்கு அடியில் வலது பக்கப் பின்சக்கரத்தை ஒட்டிக் கையை விட்டு, என் ஷூவின் குதிகாலால் எதையோ 'டொக்' என்று ஒரு தட்டு தட்டினார்.

டிக் டிக் டிக் டிக் டிக்... டிக்... டிக்...

நின்றது.

"ஐயய்யோ, மறுபடி நின்னுடுச்சே!" என்றேன்.

"இப்ப நின்னது நல்லதுக்கு நின்னது" என்றார் அவர். எஞ்சின் கிளம்பியது.

ஆபிங்டனை மறந்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்கு ஊர்ந்தோம். ஒரு காலில் ஷூவோடும் மடியில் இன்னொரு ஷூவோடும் கார் ஓட்டிய முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

* * *

அந்த 'டிக் டிக்'கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் பின்னால், கார்புரேட்டர் முன்னால். நடுவில் பெட்ரோலை இறைத்துக் கொடுக்க ஒரு எலெக்ட்ரிக் பம்ப். எஸ்.யு. பம்ப் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பேனாவுக்கு இங்க் போட்ட ஃபில்லர் ஞாபகமிருக்கிறதா? அழுத்தி விட்டால் உறிஞ்சும், மறுபடி அழுத்தினால் பீய்ச்சும். அதேதான். ரப்பருக்குப் பதில் டயஃப்ரம் என்று ஒரு சவ்வு. விரலுக்குப் பதில் ஒரு மின்காந்தம்.

சாவியைத் திருப்பினால் மின்காந்தம் சவ்வை இழுக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். சவ்வு கடைசி வரை வந்ததும் அதோடு இருக்கிற ஒரு கம்பி, பாயின்ட்டைத் தட்டித் திறந்துவிடும். கரண்ட் கட். இப்போது ஒரு ஸ்பிரிங் சவ்வைத் திருப்பித் தள்ளும். பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். தள்ளி முடித்ததும் பாயின்ட் மறுபடி சேரும். மறுபடி இழுப்பு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு 'டிக்'.

கார்புரேட்டரில் உள்ள சின்னத் தொட்டி ரொம்பியதும் அங்கே ஒரு ஊசி வழியை அடைத்துவிடும். தள்ள இடமில்லாமல் சவ்வு அப்படியே நிற்கும். சத்தமும் நிற்கும். வயிறு ரொம்பின குழந்தை அழுகையை நிறுத்துகிற மாதிரி.

ஆகவே இந்தப் பம்ப்பின் பாஷை ரொம்ப எளிது. சாவி போட்டதும் படபடவென்று அடித்து, மெதுவாகி, நின்றால் சௌக்கியம். படபடவென்று நிற்காமலே அடித்துக்கொண்டிருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. எஞ்சினைக் கிளப்பாமலே நாலைந்து வினாடிக்கு ஒருதரம் டிக், டிக் என்று முனகிக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிவு. சிகரெட்டை அணைத்துவிட்டுத் தேடவும். ஆரம்பத்திலிருந்தே சத்தமே இல்லையென்றால் பம்ப்புக்கு உயிர் இல்லை, அல்லது உயிர் வந்து சேரவில்லை.

கவனித்தீர்களா? இரண்டு விதமான மௌனம் இருக்கிறது. நிறைந்து போன மௌனம் ஒன்று, செத்துப் போன மௌனம் ஒன்று. வெளியே இருந்து கேட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஷூ வைத்தியத்துக்கும் காரணம் உண்டு. பாயின்ட் தேய்ந்து, கரி பிடித்து ஒட்டாமல் நின்றால் ஒரு தட்டு தட்டியதும் அசைந்து சேர்ந்துகொள்ளும். எஸ்.யு. என்பதற்கு விரிவு ஸ்கின்னர்ஸ் யூனியன். அந்த ஸ்கின்னர் குடும்பத்துக்குத் தொழில் என்ன தெரியுமா? செருப்புக் கடை! லண்டனில் பேர் போன காலணி வியாபாரக் குடும்பம் அது. ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் நூறு வருஷத்துக்கு முன்னால் செய்த முதல் கார்புரேட்டரில் தோலால் ஆன துருத்தியைத்தான் வைத்தார். ஆக, பம்ப் மேல் ஷூ படுவது அவமரியாதையே இல்லை. பிறந்த வீட்டு மனுஷாளைப் பார்த்த சந்தோஷத்தில்தான் அது துள்ளி எழுந்திருக்கிறது.

மஞ்சள் கோட்டுக்காரர் கிளம்பும்போது சொன்னது: "பம்ப் போச்சு. மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

* * *

புதுப் பம்ப் நூறு பவுண்டுக்கு மேல். பாயின்ட்டே கிடையாது, உள்ளே எலெக்ட்ரானிக் சர்க்யூட் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். மெக்கானிக்கிடம் கொடுத்தால் கூலி பம்ப் விலையைத் தாண்டும். நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். என் அப்பா திருச்சி பாலக்கரையில் 35 வருஷம் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். ரத்தத்தில் ஊறியிருக்காதா?

ஊறவில்லை. நனைந்ததுதான் மிச்சம்.

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு கொடுத்துத்தான் படுக்க வேண்டும். கொடுத்தேன். பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். இந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, ஜோடி மாடு மாதிரி கட்டியிருக்கும். கழற்றினேன். எல்லாம் சரி. ஆனால் டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்ததை மட்டும் மறந்துவிட்டேன். பம்ப்பின் குழாயைக் கழற்றியதும் பெட்ரோல் என் மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாக அக்குளுக்கு வந்து சேர்ந்தது. காவிரி கல்லணையைத் தாண்டியது போல.

மூன்று தரம் குளித்தும் வாசனை போகவில்லை. "பெட்ரோல் பங்க்ல பார்ட் டைம் சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி ஹாலில் போய்ப் படுத்தாள்.

கையோடு ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது. பிறகு வயர்கள். ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. வெள்ளையில் கரண்ட் வரும், கறுப்பு எர்த். பழைய பம்ப்பிலிருந்து கழற்றி, புதுசில் அப்படியே மாட்டினேன்.

சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக்... டிக்... நின்றது. வீட்டில் அன்று கேசரி.

மூன்று வாரம் கழித்து, சூப்பர் மார்க்கெட் வாசலில், அரிசி மூட்டையோடு, செத்த மௌனம்.

ஷூவைக் கழற்றித் தட்டினேன். டிக் டிக் டிக். வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மறுபடி செத்தது. தட்டினேன், பிழைத்தது. அதற்கு மறுநாள் தட்டியும் பிழைக்கவில்லை. புதுப் பம்ப்பே டூப்ளிகேட் என்று முடிவு கட்டி, வாங்கிய கடைக்கு நாலு பாராவில் ஒரு காரசாரமான கடிதம் தயார் செய்து வைத்தேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

* * *

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பாலக்கரைக் கடையில் அப்பா வேலை செய்தது கையால் இல்லை, காதால். ரோட்டில் அம்பாசிடர் ஒன்று ஸ்டார்ட் ஆகிற சத்தத்தைக் கேட்டே, "செல்ஃப் மோட்டார்ல கார்பன் தேஞ்சுடுச்சு, இன்னும் பத்து நாள்" என்பார். பத்தாம் நாள் அந்த வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஸ்க்ரூடிரைவர் முனையை டைனமோ மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு டாக்டர் மாதிரி நிற்பார். லாரி ஹாரனை ட்யூன் பண்ணுவதில் அவரை அடிக்க ஆளில்லை. நாள் முழுக்கக் கடையில் 'பாம்... பாம்...' என்று அலறிக்கொண்டே இருக்கும்.

2018-ல் நான்தான் கடையை மூடச் சொன்னேன். "போதும்ப்பா. இனிமே உக்காந்து சாப்பிடுங்க." அவருக்கு இஷ்டமில்லை. ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் போன் பேச்சு வாரம் நாற்பது வினாடி.

"நல்லாருக்கீங்களாப்பா?"

"ம். நல்லாருக்கேன். அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவ்வளவுதான். கடை போன கோபம் இன்னும் தீரவில்லை, என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் ரோஷம் வந்தது. நானும் நாற்பது வினாடியோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்து வருஷம்.

அம்மா நேர்மாறு. வீடியோ காலில் கூட ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துவாள். லண்டன் ரொம்ப தூரம், கத்தினால்தான் கேட்கும் என்று நம்புகிறாள் போலிருக்கிறது என்று நானும் என் மனைவியும் சிரித்துக்கொள்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, "மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் பக்கவாட்டில் திரும்பி, "ஏங்க! அவன் கார் நின்னு போச்சாம்! பெட்ரோல் பம்பாம்! கரண்ட்ல ஓடுற பம்பாம்!" என்று தெருவுக்கே ஒலிபரப்பினாள்.

போன் கை மாறியது. திரையில் அப்பாவின் மூக்கும் பாதிக் கண்ணாடியும் தெரிந்தது.

"என்ன வண்டி? காமி."

பானெட்டைத் திறந்து காட்டினேன்.

"அட, நம்ம அம்பாசிடர் எஞ்சின் மாதிரில்ல இருக்கு!"

அவர் கண் தப்பாது. பழைய அம்பாசிடரில் வந்த 1489 சி.சி. எஞ்சினும் இதிலிருக்கிற 1798 சி.சி.யும் ஒரே குடும்பம்தான். பி.எம்.சி. பி-சீரிஸ் என்பார்கள். அண்ணன் ஸ்போர்ட்ஸ் கோட்டு போட்டுக்கொண்டான், தம்பி டாக்ஸி ஓட்டப் போனான்.

"ஆனா அம்பாசிடர்ல பம்ப்பை எஞ்சினே தள்ளும். இது கரண்டா? சரி. என்ன பண்ணினே?"

சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அம்மா பின்னாலிருந்து இன்னொரு தரம் கத்தினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பழைய பம்ப்பைத் தட்டினா ஓடுச்சு. சரி, பாயின்ட்டுன்னு வெச்சுக்குவோம். புதுசுல பாயின்ட்டே இல்லேங்கறே. அதையும் தட்டினா ஏண்டா ஓடுது?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. எம்.சி.ஏ. படித்தவன், தினம் ஆபீஸில் அடுத்தவன் ப்ரோக்ராமில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

"நீ பம்ப்பைத் தட்டல. பம்ப்போட சேர்ந்து இருக்கற எதையோ தட்டிருக்கே. டெஸ்ட் லாம்ப் இருக்கா?"

இருந்தது. வெள்ளை வயரில் ஒரு முனை, இன்னொரு முனை வண்டியின் இரும்பில். சாவியைத் திருப்பினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் வருதுப்பா! அப்ப பம்ப்தானே போச்சு?"

"இன்னொரு முனையை எங்க வெச்சே?"

"பாடியில."

"பம்ப்புக்கு எர்த் பாடியிலேர்ந்தா வருது? பம்ப் எப்படி உக்காந்திருக்கு, காமி."

போனை வண்டிக்கு அடியில் நீட்டினேன். பம்ப் இரும்புப் பட்டைக்குள்ளே, ஆனால் ஒரு ரப்பர் உறை போட்டு உட்கார்ந்திருந்தது.

"ரப்பர் போட்டு உக்கார வெச்சிருக்கான். அப்ப அதுக்கு ஒரே எர்த் அந்தக் கறுப்பு வயர்தான். சாவியை ஆஃப் பண்ணு. லாம்ப்போட அந்த முனையை பாடியிலேர்ந்து எடுத்துட்டு, கறுப்பு வயர் முனையில மாட்டு. மாட்டிட்டு அப்புறம் சாவியைப் போடு. மாத்திப் பண்ணாதே. பெட்ரோல் பக்கத்துல பொறி பறக்கக் கூடாது."

மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவில்லை. கறுப்பு வயரை லேசாக ஆட்டினேன். மினுக்கென்று எரிந்து அணைந்தது.

"அவ்வளவுதான்" என்றார் அப்பா. "கரண்ட் போனா மட்டும் போதாதுடா. திரும்பி வரவும் வழி வேணும்."

கறுப்பு வயரின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உறையைச் சீவினால் உள்ளே தாமிரம் முழுக்கப் பச்சைப் பொடி. ஐம்பது வருஷமாகப் பின்சக்கரம் வாரியடித்த மழைத் தண்ணீர். இரண்டு மூன்று இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூவால் தட்டும்போதெல்லாம் அந்த இழைகள் அசைந்து சேர்ந்திருக்கின்றன. பம்ப்பை மாற்றும்போது வயரை வளைத்து மாட்டினேனே, அந்தப் புண்ணியத்தில் மூன்று வாரம் ஓடியிருக்கிறது.

பளபளவென்று தாமிரம் தெரிகிற வரை வெட்டி, புது முனை போட்டேன். மறுகோடியில் வயர் பாடியில் சேருகிற போல்ட்டையும் உப்புத் தாள் வைத்துத் தேய்த்து, கொஞ்சம் வாஸ்லின் தடவி முடுக்கினேன். மொத்தச் செலவு ஒரு பவுண்டு கூட ஆகவில்லை.

சாவியைத் திருப்பினேன்.

டிக் டிக் டிக் டிக் டிக்...

"அப்பா! ஓடுது!"

போனைப் பம்ப் பக்கத்தில் பிடித்தேன். அப்பா திரையை உற்றுப் பார்த்தார். போனைக் காதருகே கொண்டு போனார். திரையில் அவர் காது மட்டும், நரைத்த முடியோடு, பெரிதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"ஒண்ணும் கேக்கலியே. ஓடலியேடா?"

"ஓடுதுப்பா, நல்லா கேளுங்க!"

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. முதல் தடவையாக மெதுவாக. "அடுப்படியில இருக்கற எனக்கே கேக்குதுங்க."

யாரும் பேசவில்லை. டிக்... டிக்... டிக். அதுவும் நின்றது.

அப்பா போனைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். "கையை வெச்சுப் பாரு. சாவி போட்டதும் துடிக்குதா?"

சாவியை அணைத்து, கார்புரேட்டர் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவில் விட்டு, மறுபடி சாவியைப் போட்டேன். குனிந்து பம்ப் மேல் கையை வைத்தேன். உள்ளங்கையில் துடித்தது. பலமாகத் தலையாட்டினேன்.

"நிமிஷத்துக்கு எவ்வளவு வருது?"

ஒரு நிமிஷத்தில் டப்பாவில் ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்கு மேல் வந்தால் பாஸ். தாராளமாகவே வந்தது. டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்ப சரி" என்றார். "அம்மாகிட்ட குடுக்கறேன்."

* * *

அன்று ராத்திரி வெகு நேரம் தூக்கம் வரவில்லை. அம்மா ஏன் கத்துகிறாள் என்று இப்போது புரிந்தது. அவள் லண்டனுக்குக் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்காகக் கத்தியிருக்கிறாள்.

சத்தம் வராத பம்ப் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம் வரும். நானும் அதைத்தான் செய்தேன், இரண்டு இடத்தில். பம்ப்பையாவது நூறு பவுண்டுக்கு மாற்றினேன். அப்பாவை அதுவும் செய்யாமல் நாற்பது வினாடியில் ஓரம் கட்டிவிட்டேன். அவர் பேசாததைப் பார்த்தேனே தவிர, நான் பேசுவது போய்ச் சேருகிறதா என்று ஒரு தரம் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கவில்லை.

டிசம்பரில் லீவு போட்டு ஊருக்குப் போனேன். காது டாக்டரிடம் வரமாட்டேன் என்று மூன்று நாள் அடம். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஊர்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறானுங்க." நாலாம் நாள் அம்மா சாப்பாட்டைக் கையில் எடுத்தாள். அதாவது, போட மறுத்தாள். வந்தார்.

டாக்டர் கேட்டார்: "ஐயா என்ன தொழில் பண்ணினீங்க?" 35 வருஷம் லாரி ஹாரன் ட்யூன் பண்ணினார் என்று சொன்னேன். டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சத்தத்தில் போன காது திரும்பி வராதாம். அதுவும் கீச்சென்ற சின்னச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். மெஷின் வைத்தால் சமாளிக்கலாம் என்றார்.

மெஷின் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், அண்ணாந்து பார்த்தார். "ஏண்டா, இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா போடுது? புஷ் தேஞ்சிருக்கு. ஏணியை எடு."

ஊர் திரும்பிய மறுநாள் வண்டிக்கு அருகில் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஜனவரிக் குளிரில் விரல் விறைத்தது. போனை வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

டிக் டிக் டிக் டிக்... டிக்... டிக்.

"நின்னுடுச்சு" என்றார் அப்பா. "தொட்டி ரொம்பிடுச்சு. வண்டியை எடு."

கடைக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கழற்றி எறிய இருந்த பழைய பம்ப்பை வெளியே வைத்துப் பேட்டரி கொடுத்துப் பார்த்தேன், அருமையாக அடித்தது. குற்றமே செய்யாமல் ஜெயிலுக்குப் போன அந்தப் பெரியவரை ஸ்பேராக டிக்கியில் மரியாதையாக வைத்திருக்கிறேன். ஆபிங்டனுக்கும் போய் வந்தோம், இரண்டு காலிலும் ஷூவோடு.

இப்போதெல்லாம் அப்பாவோடு போன் இருபது நிமிஷம் ஓடுகிறது. ஃபேன், மிக்ஸி, பக்கத்து வீட்டு மோட்டார், எல்லாவற்றிலும் ஏதாவது தேய்ந்திருக்கிறது. எனக்குப் பேச இடம் கிடைப்பதில்லை.

அம்மா மட்டும் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறாள். கேட்டால், "பழகிடுச்சுடா" என்கிறாள்.